சுத்தியலும் சுயபுராணமும்

யாழ்ப்பாணத்தார் இருவர் கூடி, பேச்சு மோட்டார் வாகனத்தின் பக்கம் திரும்பிவிட்டால், ஐந்து நிமிடத்துக்குள் மண்ணெண்ணெய் வந்துவிடும். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மீது விழுந்த பொருளாதாரத் தடையில் பெற்றோல் அரும்பொருளாயிற்று. ஒஸ்ரின் கேம்பிறிஜ்களும் மொறிஸ் மைனர்களும், தொடக்கத்துக்கு ஒரு சொட்டுப் பெற்றோலையும் பிறகு மண்ணெண்ணெயையும் குடித்து ஓடின. கதை உண்மைதான். நானும் அதை எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தக் கதையை வைத்துக்கொண்டு இன்று நாம் செய்யும் காரியங்களை அறிவுடைமை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அண்மையில் உறவுக்காரப் பிள்ளை ஒருவன் தன் யப்பானிய வாகனத்தின் கிராங் பூலியைக் கழற்ற முனைந்தான். அதன் பின்னாலிருக்கும் ஒயில் சீல் கசிந்துகொண்டிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனத்தைப் பேணக் கற்றுக்கொண்ட தலைமுறை அவனுடையது. அதுவரை நல்லதே. பக்கத்தில் நின்ற தகப்பனார் சொன்னார்: “அந்தக் காலத்திலை நாங்கள் சுத்தியலாலைதானே கழட்டினனாங்கள். போடடா ஒரு அடி!” அடி விழுந்தது. கடப்பாரையும் விளிம்பில் நெம்பியது. பூலியின் வெளிவளையம் கோணி நின்றது.

அந்தக் காலத்தில் சுத்தியலால் கழற்றியது மெய்யா? மெய்தான். ஆனால் எதில் அடித்தார்கள்? ஒஸ்ரின், மொறிஸ் இயந்திரங்களில் பூலியைப் பிடித்திருந்தது நடுவிலுள்ள பெரிய நட்டு. வாகனத்தைச் சுற்றி இயக்கும் இரும்புக் கைபிடி வந்து கொளுவுவதும் அதே நட்டில்தான். அதன் அடியில் ஒரு பூட்டுத் தகடு மடிந்து கிடக்கும். முதலில் அந்த மடிப்பை உளியால் நிமிர்த்த வேண்டும். பிறகு சரியான ஸ்பனரை நட்டில் இறுக்கமாக மாட்டி, ஸ்பனரின் நுனியில் சுருக்கென்று ஓர் அடி. இயந்திரம் சுழலுமுன் நட்டு இளகிவிடும். பூலியின் மேல் எவரும் அடிக்கவில்லை. இரு புறமும் இரண்டு நெம்புகோலை வைத்துச் சமமாக நகர்த்தி, தண்டிலிருக்கும் பிறைவடிவச் சாவி விழுந்துவிடாமல் கையில் ஏந்தி எடுத்தார்கள்.

இவ்வளவு கவனம் ஏன்? நட்டின் பல் மழுங்கினால் கைபிடி கொளுவாது. பற்றறி செத்துக் கிடந்த காலத்தில் கைபிடி கொளுவாத வாகனம் வெறும் இரும்பு. பூலியின் விளிம்பிலிருந்த சிறு வெட்டைப் பார்த்துத்தான் தீப்பொறி விழும் நேரத்தைக் கணித்தார்கள். மண்ணெண்ணெய் சிலிண்டருக்குள் முந்தி வெடித்து ‘டக் டக்’ என்று தட்டும். ஆகவே நேரத்தைப் பின்தள்ள வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். தவறவிட்டால் பேரிங் போய்விடும். வேறொரு பூலியோ பேரிங்கோ கொழும்பிலிருந்து வரும் என்ற நம்பிக்கை இல்லாதவனின் கை அது. நாம் சொல்லும் கதையில் சுத்தியல் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கை மறைந்துவிட்டது.

இன்றைய வாகனங்கள் பலவற்றில் பூலி ஒற்றை இரும்பன்று. உள்ளே ஒரு குடம், வெளியே ஒரு வளையம், நடுவே ஒட்டப்பட்ட ரப்பர். ஒவ்வொரு வெடிப்பிலும் கிராங் தண்டு நுண்ணிதாக முறுக்கேறித் தளரும். அந்த அதிர்வை விழுங்கவே ரப்பர். வெளிவளையத்தைப் பிடித்து இழுத்தால் ரப்பர் பிய்ந்துவிடும். இதற்கென்றே பல பூலிகளின் குடத்தில் மரையிட்ட துளைகள் விட்டிருக்கிறார்கள். அவற்றில் போல்ற்றுகளை இறுக்கிப் புல்லரால் இழுக்க வேண்டும். மாட்டும்போது எவ்வளவு இறுக்குவது என்பதைக் கைநூலில் பார்த்து, அளவுகாட்டும் ஸ்பனரால் இறுக்க வேண்டும்.

இன்னொரு வித்தையும் உலவுகிறது. போல்ற்றில் நீண்ட கம்பியை மாட்டி நிலத்தில் முட்டுக்கொடுத்துவிட்டு, ஸ்ராட்டரை ஒரு கணம் சுழற்றுவது. கம்பி நழுவினால் முழங்கால் போகும். அதுவும் 1990-களின் ஹொண்டா சிவிக் இயந்திரங்கள் பெரும்பாலும் மற்றவற்றுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. அங்கே இந்த வித்தை போல்ற்றை மேலும் இறுக்கும்! ரொறன்ரோவின் கராஜிலும் இலண்டனின் தெருவோரத்திலும் ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ்ப் படுக்கும் நம்மவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

“படிச்ச பிள்ளைக்கு ஏன் இந்த எண்ணெய்க் கை?” என்று கேட்பவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அவர்களுடைய குற்றம் இதைவிடப் பெரிது. பட்டறையில் நின்றவனை ‘கராஜ் பெடியன்’ என்று ஒதுக்கிவைத்துவிட்டு, அவனுடைய சாதனையை மட்டும் ‘எங்கள் கெட்டித்தனம்’ என்று மேடைகளில் உரிமை கொண்டாடுவது நம் சமூகத்தின் பழைய வழக்கம்.

இதே குடாநாட்டின் மானிப்பாயில், அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1864-இல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். உடலமைப்பும் இரணவைத்தியமும் தமிழ் நூல்களாயின. மனித உடலை நரம்பு நரம்பாகத் தமிழில் எழுத முடிந்த மண், ஒரு மொறிஸ் மைனரின் உடலை எழுதாமல் விட்டதேன்? கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட அந்நாட்களில் நாங்கள் எழுதியது என்ன? ‘மண்ணெண்ணெயில் ஓடும் அதிசயம்’. எத்தனை பாகை பின்தள்ளினார்கள், எத்தனை மைலுக்கு ஒருமுறை ஒயில் மாற்றினார்கள் என்று எந்த மெக்கானிக்கிடமும் நான் கேட்டதில்லை. அன்று முப்பது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். காதில் விழும் காலத்திலேயே கேட்டிருக்கலாம்.

காணொளிகளில் எல்லாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை பார்த்த காணொளியில் புல்லர்தான் இருந்தது. தகப்பனின் குரலில் சுத்தியல் இருந்தது. அவன் எதை நம்பினான் என்பதைச் சொல்லிவிட்டேன்.

வாகனம் இப்போது முற்றத்தில் முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கிறது. கொழும்பிலிருந்து பூலி வர வேண்டும். நேற்று அங்கே போயிருந்தேன். தேநீர் வருவதற்குள் மண்ணெண்ணெய் வந்துவிட்டது.