சோற்றைக் குறைத்தோர் உப்பையும் நீரையும் மறக்கலாமா?

உயிருள்ள ஒவ்வொன்றும் நீரிலிருந்தே படைக்கப்பட்டதாகத் திருமறை கூறுகிறது. படைப்பு அனைத்திலும் இறைவன் ஓர் அளவை, ஒரு தராசை நிலைநாட்டியிருப்பதையும் அது நினைவூட்டுகிறது. அந்தத் தராசு வானத்திலும் கடைத்தெருவிலும் மட்டும் இருப்பதன்று. நம் குருதியில் ஓடும் நீருக்கும் உப்புக்கும் இடையிலும் அதுவே ஆட்சி செய்கிறது. அந்த அளவு தவறினால் திடகாத்திரமான உடலும் தளர்ந்து சாய்ந்துவிடும்.

நீரிழிவும் உடற்பருமனும் பெருகிவிட்ட இக்காலத்தில், அரிசியையும் சர்க்கரையையும் குறைத்து, இறைச்சி, முட்டை, காய்கறிகளை மிகுதியாக உண்ணும் முறை 'பேலியோ' முதலான பெயர்களில் நம் இல்லங்களிலும் இடம்பெற்றுவிட்டது. அதனால் எடையும் இரத்தச் சர்க்கரையும் குறைந்தவர்கள் பலர் உண்டு. அம்முறையைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. சோற்றைக் குறைத்தவர்கள் தம்மையறியாமல் நீரையும் உப்பையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார்களே, அதுதான் நம் கவலை.

இது எவ்வாறு நிகழ்கிறது? நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பகுதி கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்னும் சேமிப்பாகத் தங்குகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. மாவுச்சத்து குறைந்ததும் அச்சேமிப்பு கரைகிறது. உடன் இருந்த நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி கொழுப்பன்று, நீரே. அத்துடன் இன்சுலின் சுரப்பும் குறைவதால், சிறுநீரகங்கள் சோடியத்தைத் தடுத்து வைக்காமல் வெளியே விடுகின்றன. அதன் விளைவே தலைவலி, தலைச்சுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, எழுந்து நின்றால் கண் இருட்டுதல் ஆகியவை. 'உணவு ஒத்துக்கொள்ளவில்லை' என்று பலர் எண்ணுவது பெரும்பாலும் இந்த நீர், உப்புக் குறைவையே.

வீட்டில் மின்விசிறியின் கீழ் அமர்ந்திருப்பவருக்கே இந்நிலை என்றால், ஆலையில் உழைப்பவரின் நிலை என்ன? ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான தொழிற்பகுதியை எண்ணிப் பாருங்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை திறக்கப்பட்டது. இன்று கார், டயர், கைப்பேசி எனப் பற்பல பொருள்கள் அங்கே உருவாகின்றன. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க விடுதியே திறக்கப்பட்டது என்றால், அங்கு உழைப்போரின் தொகையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அவர்களுள் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு.

குளிரூட்டிய கூடங்கள் அங்கு உண்டு என்பது மெய்யே. ஆனால் பற்றவைப்பு, வார்ப்பு, சரக்கேற்றம், கட்டுமானம் ஆகிய பணிகளில் இருப்போருக்குச் சித்திரை வைகாசி வெயில் கடுமையான சோதனையாகும். கடும் வெப்பத்தில் கடின உழைப்பாளி மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் வியர்வை சிந்தக்கூடும். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்ததும் காரணமின்றி அன்று.

நம் முன்னோர் இதற்கு வழி கண்டிருந்தனர். காலையில் உப்பிட்ட நீராகாரம், நண்பகலில் மோர், நோன்பு திறக்கும் வேளையில் கஞ்சி. சோற்றோடு உப்பும் நீரும் தாமாகவே உடலுக்குள் சென்றன. இன்று நீராகாரத்தை விலக்கியவர் அதன் இடத்தில் எதை வைத்தார்? அவித்த முட்டை இரண்டும் ஒரு குவளை காப்பியும் அதற்கு ஈடாகுமா?

வெறும் நீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தீர்வன்று. வியர்வையில் போன உப்பு திரும்பாமல் நீர் மட்டும் நிறைந்தால் குருதியில் சோடியம் மேலும் நீர்த்துப்போகும். அளவு கடந்தால் உயிருக்கே ஆபத்து. உப்பிட்ட மோர், எலுமிச்சை பிழிந்த உப்புநீர், ஆட்டுக்கால் சூப் ஆகியவை மாவுச்சத்தை மிகுதியாக்காமல் உப்பைத் தருவன. கீரைகளும் காய்கறிகளும் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் தரும்.

வயிற்றுப்போக்கு கண்டால் மட்டும் சர்க்கரைக்கு அஞ்சி உப்புச் சர்க்கரைக் கரைசலை மறுப்பது அறியாமையாகும். குடல் சோடியத்தை ஈர்த்துக்கொள்ளக் குளுக்கோஸ் துணைநிற்கிறது. 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் இக்கரைசலைக் கொண்டே ஆயிரக்கணக்கானோரைக் காத்தார். அதே பெயரில் இனிப்புப் பானங்களும் விற்பனைக்கு வந்ததால், உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுக்கு உட்படாத பானங்கள் 'ஓஆர்எஸ்' என்னும் பெயரைத் தாங்கக் கூடாதென 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடைவிதித்தது. மருந்துக்கடையில் வாங்குவோர் உறையைப் படித்து வாங்குக.

உப்பு எல்லோருக்கும் ஒரே அளவன்று. இரத்தக் கொதிப்பு, இதய நோய், சிறுநீரக நோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் உப்பையோ பொட்டாசியத்தையோ கூட்டலாகாது. நீரிழிவுக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர் இன்னும் விழிப்பாக இருத்தல் வேண்டும். அம்மருந்துகள் சிறுநீரைப் பெருக்கும். மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தாலோ நீண்ட நேரம் உண்ணாதிருந்தாலோ, சர்க்கரை அளவு மிக உயராமலே குருதியில் அமிலம் பெருகும் அபாயமும் உண்டு. இவர்கள் ரமலானுக்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைக் கலந்து, மருந்தின் அளவையும் வேளையையும் முடிவுசெய்துகொள்ளட்டும். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை அளித்தவன் இறைவனே. அவன் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவாகாது. நோன்பு நோற்போரும் நோன்பு திறந்தது முதல் ஸஹர் வரை நீரைப் பகிர்ந்து அருந்துதலே நன்று. ஸஹரின் கடைசி நிமிடத்தில் ஒரேயடியாகக் குடிக்கும் நீர் நெடுநேரம் உடலில் தங்காது.

ஆலைகளை நடத்துவோருக்கும் ஒரு சொல். 250 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகளில் கோடையில் குளிர்ந்த குடிநீர் தரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே விதித்தது. நீர் வைத்தால் மட்டும் போதுமா? கழிப்பறைக்குச் செல்ல விடுப்புக் கேட்கக் கூசி, நீரே அருந்தாமல் வேலைநேரத்தைக் கழிக்கும் நிலை எந்தப் பெண்ணுக்கும் வரலாகாது. குடிநீரும் கழிப்பறைக்குச் செல்லும் இடைவேளையும் ஒன்றையொன்று பிரியாதவை. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அந்த வியர்வையோடு போன நீரையும் உப்பையும் திரும்பப் பெற அவனுக்கு வழிசெய்வதும் அந்நீதியைச் சேர்ந்ததன்றோ?

தாய்மார்களே, வேலைக்குச் செல்லும் மகனோ மகளோ சோறு வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். ஆனால் உணவுப் பையில் ஒரு புட்டி உப்பிட்ட மோரை வைக்க மறவாதீர்கள். உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் தராசைச் சாயாமல் காப்பது நம் கடமை.