செகண்ட் டவுனில் என்ன ஆடுவீர்கள்?

விரல் வேகம் இல்லாதவர்களும் ஜெயிக்கக்கூடிய ஸ்போர்ட்ஸ் கேம் இது. பெயர் அமெரிக்கன் ஃபுட்பால் சிமுலேஷன். வீரரை ஓட வைப்பது, பந்தை எறிய வைப்பது எல்லாம் இங்கே உங்கள் வேலை இல்லை. கோச்சின் நாற்காலியில் உட்கார்ந்து, எந்தச் சூழ்நிலையில் எதை ஆட வேண்டும் என்று முன்கூட்டியே செட் செய்து கொடுத்தால் போதும். மீதியை கம்ப்யூட்டர் ஆடி முடித்து ஸ்கோரைக் காட்டிவிடும்.

1998-ல் ஜிம் கிண்டின் உருவாக்கிய 'ஃப்ரண்ட் ஆபீஸ் ஃபுட்பால்' இந்த ரகத்தில் பெயர் வாங்கியது. திறந்தால் எழுத்தும் எண்களும்தான் இருக்கும், பார்க்க பேங்க் பாஸ்புக் மாதிரி. ஆனால் ஒரு சீசன் ஆடிவிட்டால் விடமாட்டார்கள். கிராஃபிக்ஸ் வேண்டும் என்பவர்களுக்கு 'மேடன் என்.எஃப்.எல்.' வரிசை இருக்கிறது. அதில் கன்ட்ரோலரைப் பிடித்து நாமே ஆடலாம் என்றாலும், ஒவ்வொரு முறையும் முதலில் 'இப்போது என்ன பிளே?' என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

மேடன் என்பது ஒரு கோச்சின் பெயர். ஓக்லாண்ட் ரைடர்ஸ் அணிக்கு சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்த ஜான் மேடன். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் அவர் பெயரில் கேம் செய்யக் கேட்டபோது, பக்கத்துக்கு 11 பேர் இல்லாவிட்டால் அது ஃபுட்பாலே இல்லை என்று பிடிவாதமாக நின்றார். அன்றைய கம்ப்யூட்டருக்கு 22 பேரைச் சுமப்பது பெரும்பாடு. அதனாலேயே கேம் இழுத்துக்கொண்டு போய், 1988-ல்தான் ஆப்பிள் 2 கம்ப்யூட்டரில் வெளிவந்தது. கிழவர் பிடித்த பிடி சரிதான். 11 பேர் இல்லையென்றால் பிளே காலிங் என்ற விஷயமே இதில் இருந்திருக்காது.

நான்கு வாய்ப்பு, 10 யார்டு

ஃபுட்பால் என்றதும் மெஸ்ஸியை நினைப்பவர்களுக்காகச் சுருக்கமாக: இது நீள்வட்டப் பந்து, ஹெல்மெட், முட்டல் மோதல் ஆட்டம். மைதானம் 100 யார்டு. தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், ஒவ்வொன்றுக்கும் டவுன் என்று பெயர். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக நான்கு கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. கபடியில் டூ ஆர் டை ரெய்டு பார்த்தவர்களுக்கு நான்காவது டவுனின் பதற்றம் சட்டென்று புரியும். எல்லையைத் தாண்டினால் டச் டவுன், 6 பாயின்ட். கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், 3 பாயின்ட்.

ஒவ்வொரு டவுனிலும் அடிப்படையில் இரண்டே வழிகள். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுவது. அல்லது குவாட்டர்பேக் தூக்கி எறிய, முன்னால் ஓடுபவர் பிடிப்பது. அதாவது ரன், பாஸ்.

அமெரிக்க தொழில்முறை ஆட்டங்களின் சராசரியைப் பார்த்தால் ஒரு ரன்னில் 4 யார்டுக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கிறது. ஒரு பாஸுக்கு சுமார் 7. கணக்குப் பிள்ளை உடனே கேட்பார்: 'பிறகென்ன, எப்போதும் பாஸ்தானே?' புதிதாக இந்த கேமுக்கு வருபவர்கள் செய்வதும் அதைத்தான். பாஸ் 80 சதவீதம் என்று ஸ்லைடரை இழுத்துவிட்டு, மூன்று மேட்ச் தோற்ற பிறகு கேம் சரியில்லை என்பார்கள்.

கேமில் பிழை இல்லை. எறியும் பாஸில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று யார் கையிலும் சிக்காமல் தரையில் விழுகிறது. சில எதிரணியின் கைக்கே போகின்றன. அதைவிட முக்கியம், 7 யார்டு என்ற சராசரி வருவதே 'ஒருவேளை ஓடிவிடுவார்களோ' என்று எதிரணி பயப்படுவதால்தான். அந்த பயம் போய்விட்டால், தடுப்பவர்கள் பின்னால் நின்று பந்துக்காகக் காத்திருப்பார்கள், 7 யார்டும் கரைந்துவிடும். 1928-லேயே ஜான் வான் நாய்மன் என்ற கணித மேதை, இப்படி இருவர் நேருக்கு நேர் மோதும் ஆட்டங்களில் ஒரே வழியைப் பிடித்துக்கொள்ளாமல் வழிகளைக் கலந்து ஆடுவதே பல நேரங்களில் சிறந்தது என்று நிரூபித்துவிட்டார். எதைக் கலப்பது என்பதைவிட, எந்த விகிதத்தில் கலப்பது என்பதில்தான் சூட்சுமம்.

அட்டவணையை நிரப்பும்போது

இவ்வகை சிமுலேஷன்களில் தாக்குதல் திட்டத்தைத் திறந்தால், டவுனையும் மீதமுள்ள தூரத்தையும் வைத்துக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எத்தனை சதவீதம் ரன், எத்தனை சதவீதம் பாஸ் என்று நிரப்ப வேண்டும்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் முதல் டவுன். 'ஆரம்பத்தில் பத்திரமாக ஓடுவோம்' என்று 75 சதவீதம் ரன் வைப்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால், ஓடுவதைக் கணித்துவிட்ட டிஃபென்ஸ் 2 யார்டில் மடக்கிவிடும். செகண்ட் டவுனில் 8 யார்டு பாக்கி, அங்கேயும் ஒரு ரன், 3 யார்டு. இப்போது தேர்டு டவுனில் 5 யார்டு பாக்கி, பாஸ் தவிர பெரிதாக வழியில்லை என்பது எதிரணிக்கும் தெரியும். பத்திரம் பார்த்தது போய், நெருக்கடியைத் தானே வரவழைத்துக்கொண்ட கதை. முதல் டவுனில் பாஸை 50-லிருந்து 55-க்குள் வைத்து ஆரம்பிப்பது நல்லது.

செகண்ட் டவுனில் 2 யார்டே பாக்கி என்றால் அது லாட்டரி அடித்த கட்டம். பலரும் இங்கே ஓடி 2 யார்டை வாங்கிக்கொண்டு திருப்தி அடைவார்கள். நீளமான பாஸ் ஒன்றை முயன்று பார்க்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பந்து தரையில் விழுந்தாலும் தேர்டு டவுனில் அதே 2 யார்டுதான் பாக்கி, அப்போது ஓடிக்கொள்ளலாம். இந்தக் கட்டத்தில் நீள பாஸுக்கு 25 சதவீதமாவது ஒதுக்குங்கள். இந்த ஒரு மாற்றத்துக்கே அணியின் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

தேர்டு டவுனில் 8 யார்டு என்றால் பாஸ்தான், மறுபேச்சில்லை. ஆனால், எறியும் தூரத்தை கவனியுங்கள். 8 வேண்டிய இடத்தில் 4 யார்டு பாஸாக அடுக்கி வைத்துவிட்டு, பாஸ் சதவீதம் சரியாகத்தானே இருக்கிறது என்று குழம்புபவர்கள் நிறைய. தேர்டு டவுனில் 1 யார்டு என்றால் நெஞ்சை நிமிர்த்தி ஓடலாம்.

எதிரணி எல்லைக்கு 20 யார்டுக்குள் போய்விட்டால் அதை ரெட் ஸோன் என்பார்கள். அங்கே பின்னால் ஓடிப் பிடிக்க இடம் இல்லை. தடுப்பவர்களுக்குக் காக்க வேண்டிய பரப்பு சுருங்கிவிடும். நடு மைதானத்தில் வைத்த எண்களை அப்படியே இங்கேயும் விட்டுவைத்தால் டச் டவுன்கள் ஃபீல்டு கோல்களாக இளைத்துவிடும்.

கையில் யார் இருக்கிறார்கள்?

இன்டர்நெட்டில் எங்காவது கிடைத்த 'சூப்பர் செட்டிங்'கை அப்படியே காப்பி அடிப்பவர்களுக்கு ஒரு பழைய சம்பவம். சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியில் வர்ஜில் கார்ட்டர் என்ற குவாட்டர்பேக். வெகுதூரம் எறியும் கை பலம் அவருக்குக் கிடையாது. ஆனால், கிட்டத்தில் குறி தப்பாது, புத்தியும் கூர்மை. அங்கே உதவி கோச்சாக இருந்த பில் வால்ஷ், 'நீளமாக எறி' என்று அவரை வதைக்காமல், குறுகிய பாஸ்களைக் கோத்தே ஒரு தாக்குதல் முறையை வடிவமைத்தார். அதை எடுத்துக்கொண்டு 1979-ல் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்குப் போனார். முதல் வருடம் 16 மேட்சில் 2 வெற்றிதான். மூன்றாவது வருடம் 13 வெற்றி, கூடவே சூப்பர் பவுல். இறுதிப் போட்டியில் தோற்கடித்தது யாரை? அதே சின்சினாட்டியை.

வால்ஷுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. மேட்ச் தொடங்கும் முன்பே முதல் 15, 25 பிளேக்களை வரிசையாக எழுதி வைத்துவிடுவார். கூச்சலும் பதற்றமும் இல்லாத நேரத்தில் யோசித்தால் தெளிவாக இருக்கும் என்பது அவர் கட்சி. சிமுலேஷன் கேமில் அட்டவணை நிரப்புபவர் செய்வதும் இதே வேலைதான்.

கார்ட்டர் பற்றி இன்னொன்று. களத்தில் ஆடிக்கொண்டே, ராபர்ட் மேகால் என்ற பேராசிரியருடன் சேர்ந்து 1971-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மைதானத்தில் பந்து இருக்கும் ஒவ்வொரு இடமும் எத்தனை பாயின்ட் பெறும் என்ற கணக்கு அது. இன்று ஃபுட்பால் புள்ளிவிவரக்காரர்கள் பேசுகிற மொழிக்கு அது ஆரம்பப் பாடங்களில் ஒன்று.

ஆகவே திட்டம் எழுதும் முன் அணிப் பட்டியலைப் பாருங்கள். முன்வரிசைத் தடுப்பாளர்கள் பலவீனம் என்றால் நீள பாஸுக்கு நேரம் கிடைக்காது, குவாட்டர்பேக் அடிபட்டு விழுவார். எதிரணி அடிக்கடி பாய்ந்து வருகிறது என்றால் ஸ்கிரீன் பாஸ் நன்றாக வேலை செய்யும். பாய்ந்தவர்களின் தலைக்கு மேலே சின்னதாக ஒரு பந்து, முன்னால் ஆளே இல்லை.

அந்த ஒரு யார்டு

2015 பிப்ரவரி 1. சூப்பர் பவுல். சியாட்டில் சீஹாக்ஸ் 24, நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் 28. சீஹாக்ஸ் கையில் பந்து, எல்லைக்கு 1 யார்டு, செகண்ட் டவுன், 26 விநாடிகள், ஒரே ஒரு டைம் அவுட். அணியில் மார்ஷான் லிஞ்ச் என்ற ஓட்டக்காரர் இருக்கிறார். அவரை நிறுத்த மூன்று பேராவது வேண்டும். உலகமே அவர் ஓடப்போகிறார் என்று காத்திருந்தது. கோச் பீட் கேரல் தரப்பிலிருந்து வந்தது பாஸ். ரஸ்ஸல் வில்சன் எறிந்தார். மால்கம் பட்லர் என்ற முதல் வருட வீரர் குறுக்கே பாய்ந்து பிடித்துவிட்டார். மேட்ச் முடிந்தது.

வரலாற்றிலேயே மோசமான முடிவு என்று திட்டித் தீர்த்தார்கள். இன்றும் திட்டுகிறார்கள். ஆனால், சிமுலேஷன் ஆடுபவர் கண்ணால் பார்த்தால் விஷயம் வேறு.

ரன் ஆடி மடக்கப்பட்டால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த ஒரே டைம் அவுட்டைச் செலவழித்து நிறுத்த வேண்டும். பிறகு தேர்டு டவுனிலும் ஓடி மடக்கப்பட்டால் கதை முடிந்தது. ஆக, தேர்டு டவுனில் பாஸ்தான் என்பது எதிரணிக்குத் தெரிந்துவிடும். மாறாக, செகண்ட் டவுனில் பாஸ் எறிந்து அது தரையில் விழுந்தால் கடிகாரம் தானாக நிற்கும், டைம் அவுட் கையிலேயே இருக்கும். அடுத்த இரண்டு டவுன்களிலும் லிஞ்ச் ஓடலாம், இல்லை, மறுபடி பாஸ். எதிரணியால் கணிக்க முடியாது. மூன்று முயற்சிகளையும் முழுதாகப் பயன்படுத்த வேண்டுமானால் எங்காவது ஒரு பாஸ் வந்தே ஆக வேண்டும். மேலும், பேட்ரியாட்ஸ் அப்போது நிறுத்தியிருந்தது ரன்னைத் தடுக்கும் கனத்த ஆட்களை.

கேரல் அழைத்தது 'பாஸ்' என்பதில் தவறு தேடுவது கஷ்டம். எந்த பாஸ் என்பதில் தேடலாம். ஆட்கள் நெரிசலான நடுப்பகுதியில், வேகமாகக் குறுக்கே ஓடுபவரை நோக்கி எறிவதைவிட ஓரத்தில் எறிந்திருந்தால் பந்து பறிபோகும் ஆபத்து குறைந்திருக்கும். ரன் சதவீதம், பாஸ் சதவீதம் என்று மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எந்தக் கட்டத்தில் எந்த வகை பாஸ் என்ற இரண்டாவது அட்டவணையும் உங்கள் கேமில் இருந்தால், அதைத் திறக்காமல் விடாதீர்கள்.

ஒரு கோச்சுக்கு அந்த டவுன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். முடிவு சரியா, விளைவு கெட்டதா என்று பிரித்துப் பார்க்க அவருக்கு யாரும் அவகாசம் தரமாட்டார்கள். கேம் ஆடுபவருக்கு அந்த அவகாசம் உண்டு. அதே 1 யார்டை நூறு முறை ஆடிப் பார்க்கலாம்.

ஃபோர்த் டவுன் பயம்

பெரும்பாலான கேம்களில் ஃபோர்த் டவுன் செட்டிங் ஆரம்பத்தில் கோழைத்தனமாகத்தான் இருக்கும். பந்தைத் தூரமாக உதைத்துக் கொடுத்துவிடு என்பதுதான் அதன் அறிவுரை. பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளாதார நிபுணர் டேவிட் ரோமர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், நிஜ கோச்சுகளே ஃபோர்த் டவுனில் தேவைக்கு அதிகமாக உதைத்துக் கொடுக்கிறார்கள் என்று காட்டினார். அதன்பின் நிஜ அணிகளின் தைரியம் கூடியிருக்கிறது. எதிரணிப் பக்கம் 40 யார்டு அருகே 1, 2 யார்டு பாக்கி என்றால் முயல்வதுதான் லாபம்.

ஃபீல்டு கோல் செட்டிங்கில் பலர் ஏமாறுவது தூரக் கணக்கில். பந்து 30 யார்டு கோட்டில் இருந்தால் உதை 30 யார்டு அல்ல. 17 கூட்டிக்கொள்ளுங்கள், 47. உதைப்பவரின் எண்களைப் பார்த்துவிட்டு எல்லை வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒரு மேட்சில் தோற்றதும் அட்டவணையைக் கலைத்துப் போடாதீர்கள். ஒரு மேட்சில் ஓர் அணிக்குக் கிடைப்பது 60, 65 பிளேக்கள்தான். அதில் 'செகண்ட் டவுன், 2 யார்டு' கட்டம் இரண்டு, மூன்று தடவை வந்தால் அதிகம். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. ஒரு எண்ணை மட்டும் மாற்றி, 17 மேட்ச் சீசன் முழுவதையும் ஓட விட்டு, தேர்டு டவுனில் எத்தனை முறை தப்பித்தோம், ரெட் ஸோனில் எத்தனை டச் டவுன் என்று மட்டும் குறித்து வையுங்கள். பிறகு அடுத்த எண்.

போனில் மட்டுமே ஆடுபவர்கள் 'ரெட்ரோ பவுல்' இறக்கிப் பார்க்கலாம். குட்டிக் குட்டிக் கட்டங்களாலான பழங்கால கிராஃபிக்ஸ். அதில் நீங்கள் ஆடுவது தாக்குதல் மட்டும்தான். எதிரணி கையில் பந்து இருக்கும்போது என்ன நடந்தது என்பது எழுத்தாக வந்து போகும். மேலே சொன்ன அளவுக்கு அட்டவணைகள் இல்லை என்றாலும், டவுனும் தூரமும் மனதில் பதிய நல்ல பயிற்சி.

அடுத்த வாரம்: இதே கேமில் டிஃபென்ஸ் செட்டிங்.