காசு கட்டினால் பந்தயப் பாதையில் கார் ஓட்டலாம்! ஆனால் யாரை நம்பிப் போவது?

இங்கிலாந்தில் ஒரு வழக்கம் இருக்கிறது.

சொந்தக் கார் வைத்திருப்பவர் கட்டணம் கட்டிவிட்டு, பெரிய பந்தய வீரர்கள் ஓட்டிய அதே பாதையில் தம்முடைய காரை வேகமாக ஓட்டலாம். பரிசு கிடையாது. வெற்றி, தோல்வி கிடையாது. எத்தனை நிமிஷத்தில் சுற்றினார் என்று கணக்குப் பார்ப்பதும் கிடையாது. எதிரே லாரி வராது. குறுக்கே சைக்கிள் வராது. வேகமாகப் போனதற்கு அபராதமும் இல்லை.

இதற்கு "டிராக் டே" என்று பெயர்.

பல் டாக்டர் வருகிறார். கொத்தனார் வருகிறார். அப்பாவும் மகனும் ஒரே காரில் வந்து மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். பந்தயம் ஓட்டுவதற்கான தனி உரிமம் கேட்பதில்லை. சாதாரண டிரைவிங் லைசென்ஸ் இருந்தால் போதும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நேற்றுவரை கடைத்தெருவுக்குப் போய்வந்த ஒருவர், இன்று மணிக்கு 200 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு வளைவை நோக்கிப் போகிறார். அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அவர்களும் அவரைப் போன்றவர்கள்தான். இத்தனை பேரையும் மாலையில் பத்திரமாக வீட்டுக்கு அனுப்ப வேண்டியது யார்? அந்த நாளை நடத்துகிற கம்பெனி.

ஆகையால், எந்தக் காரில் போவது என்பதைவிட எந்தக் கம்பெனியிடம் போவது என்பதே பெரிய கேள்வி.

விமானம் இறங்கிய இடம்

இரண்டாவது உலக யுத்தத்தின்போது இங்கிலாந்து முழுவதும் விமானத் தளங்கள் கட்டினார்கள். யுத்தம் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. தார்ச்சாலைகள் மட்டும் வயல்களின் நடுவே கிடந்தன. கார் பிரியர்கள் சும்மா இருப்பார்களா? சில்வர்ஸ்டோன், திரக்ஸ்டன், ஸ்னெட்டர்ட்டன், கிராஃப்ட் ஆகிய பந்தயப் பாதைகள் எல்லாம் அப்படிப் பிறந்தவைதான்.

நம் ஊரிலும் இதே கதைதான். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் யுத்தகால விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. பல ஆண்டுகள் அங்கே கார்ப் பந்தயமும் மோட்டார் சைக்கிள் பந்தயமும் நடந்தன. குடும்பம் குடும்பமாகக் கூட்டம் போகும். பிறகு ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதை போட்டார்கள். அது 1990-ல் திறக்கப்பட்டது.

ஒரு பந்தயப் பாதையில் வருஷத்தில் சில நாட்கள்தான் பந்தயம் நடக்கும். மற்ற நாட்களில் புல் வெட்ட வேண்டும். வேலியைப் பழுது பார்க்க வேண்டும். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். பணத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் "டிராக் டே".

சில இடங்களில் பாதையின் சொந்தக்காரர்களே இதை நடத்துகிறார்கள். பிராண்ட்ஸ் ஹாட்ச், ஓல்ட்டன் பார்க் முதலிய பாதைகளை வைத்திருக்கும் கம்பெனியின் தலைவர் ஜானதன் பால்மர். இவர் ஒரு டாக்டர். 1980-களில் "பார்முலா 1" பந்தயங்களில் கார் ஓட்டியவர். மற்ற பல கம்பெனிகளுக்குச் சொந்தப் பாதை கிடையாது. அவர்கள் ஒரு நாளைக்குப் பாதையை வாடகைக்குப் பிடித்து, ஓட்ட வருவோரிடம் கட்டணம் வாங்கி நடத்துகிறார்கள்.

வாடகைக் கணக்கு

வாடகைக்குப் பிடிப்பவரின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

பாதைக்கு ஒரு நாள் வாடகை ஒரே தொகை. ஆம்புலன்ஸுக்கும், தீ அணைப்பவர்களுக்கும், கொடி காட்டுபவர்களுக்கும் ஆகிற செலவும் ஏறக்குறைய ஒரே தொகைதான். 40 கார் வந்தாலும் அதே செலவு. 60 கார் வந்தாலும் அதே செலவு. அப்படியானால் லாபம் எங்கிருந்து வரும்? நாற்பதுக்கு மேல் வருகிற காரிலிருந்து வரும்.

ஒரே நேரத்தில் பாதையில் இத்தனை கார்தான் ஓடலாம் என்று உச்சவரம்பு உண்டு. ஆனால் சீட்டு எத்தனை விற்பது என்பது நடத்துபவர் கையில் இருக்கிறது. அதிகம் விற்றால் இரண்டு கஷ்டம். ஒன்று, முறைக்காக வரிசையில் நின்று நின்று பாதி நாள் போய்விடும். மற்றது, நெரிசல். பிராண்ட்ஸ் ஹாட்ச்சின் சின்னச் சுற்று 2 கிலோ மீட்டருக்கும் குறைவு. அதில் ஒரு கார் கூடினாலும் தெரியும்.

கட்டணம் மலிவு என்று விளம்பரம் பார்த்து ஓடுகிறவர்கள் கேட்க மறப்பது இதைத்தான். எத்தனை சீட்டு விற்கிறீர்கள்? ஒரே நேரத்தில் எத்தனை கார் உள்ளே விடுவீர்கள்? நேரான பதில் வந்தால் சரி. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் வேறு கம்பெனியைப் பார்க்க வேண்டியதுதான்.

காரை உள்ளே விடுவதிலும் இரண்டு முறை உண்டு. ஒரு முறையில், நினைத்த நேரம் பாதைக்குள் போகலாம், நினைத்த நேரம் வெளியே வரலாம். இன்னொரு முறையில், புதியவர்கள், பழகியவர்கள், கை தேர்ந்தவர்கள் என்று பிரித்து, ஆளுக்குக் கால் மணி, இருபது நிமிஷம் என்று விடுவார்கள். மோட்டார் சைக்கிளுக்குப் பெரும்பாலும் இந்த இரண்டாவது முறைதான். முதல் தடவை போகிறவருக்கு இதுவே நல்லது. தன்னைப் போன்ற புதியவர்களோடு ஓட்டலாம். இதிலும் சில வாலிபர்கள் வீம்புக்காக "எனக்கு நன்றாகப் பழக்கம்" என்று சொல்லி வேகக் கூட்டத்தில் சேருவார்கள். நல்ல கம்பெனியின் கண்காணிப்பாளர் இரண்டே சுற்றில் அதைக் கண்டுபிடித்து, கீழே இறக்கிவிடுவார்.

காலை எட்டு மணிக்கே தெரிந்துவிடும்!

கம்பெனி நல்லதா கெட்டதா என்பது, ஒரு காரும் ஓடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

முதலில் லைசென்ஸைப் பார்க்கிறார்கள். பிறகு எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்காதவர் வண்டி ஓட்ட முடியாது. கேட்டவர் கையில் ஒரு காகிதப் பட்டை கட்டிவிடுகிறார்கள். பட்டை இல்லாத கை பாதைக்குள் போகாது!

என்ன பேசுகிறார்கள்? முக்கியமாக, முந்துவதைப் பற்றி. எங்கே முந்தலாம், எந்தப் பக்கமாக முந்தலாம் என்று சொல்லுகிறார்கள். வளைவுக்குள் முந்தவே கூடாது. நேரான இடத்தில், முன்னால் போகிறவர் பார்த்து வழி விட்ட பிறகுதான் முந்த வேண்டும். பந்தயத்துக்கும் "டிராக் டே"க்கும் உள்ள வித்தியாசமே இதுதான். பந்தயத்தில் வழியைப் பறிப்பார்கள். இங்கே வழியைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது கொடிகள். மஞ்சள் கொடி: ஆபத்து, முந்தாதே. சிவப்புக் கொடி: எல்லோரும் வேகத்தைக் குறைத்து வெளியே வா. நீலக் கொடி: உன் பின்னால் வேகமான கார் வருகிறது. கறுப்புக் கொடி: நீ மட்டும் வெளியே வா, உன்னோடு பேச வேண்டும்.

பிறகு, அனுபவசாலி ஒருவரின் காருக்குப் பின்னால் எல்லோரும் வரிசையாக, மெதுவாகச் சில சுற்றுகள் வர வேண்டும். எந்த வளைவு ஏமாற்றும், எங்கே பிரேக் போட வேண்டும் என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

தலைக்கவசம் கட்டாயம். கையை மூடிய சட்டை கட்டாயம். காருக்குள் உருளக்கூடிய தண்ணீர்ப் புட்டி, குடை, குழந்தையின் பொம்மை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட வேண்டும். பிரேக் போடும்போது ஒரு புட்டி மிதிக்கட்டைக்கு அடியில் உருண்டு வந்தால் என்ன ஆகும்?

இந்தப் பேச்சை அவசர அவசரமாக ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற கம்பெனியும் உண்டு. வந்தவர்களுக்கு அது சந்தோஷமாகத்தான் இருக்கும். சீக்கிரம் ஓட்டலாம் அல்லவா! ஆனால், காசு கொடுத்தவரின் கோபத்துக்குப் பயப்படுகிற கம்பெனி, கறுப்புக் கொடியைக் காட்டவும் பயப்படும். வெறி பிடித்து ஓட்டுகிறவரைக் கட்டணத்தைத் திருப்பித் தராமல் வீட்டுக்கு அனுப்பும் கம்பெனிதான் மற்றவர்களைக் காப்பாற்றுகிற கம்பெனி.

டிராக் டே நடத்துவோருக்கு இங்கிலாந்தில் ஒரு சங்கமும் இருக்கிறது. அதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சேர்ந்த கம்பெனியா என்று கேட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட கார்

இன்னொரு சோதனை சத்தச் சோதனை. காரை நிறுத்தி வைத்து எஞ்சினை உறுமவிட்டு, புகைக்குழாயிலிருந்து அரை மீட்டர் தள்ளிக் கருவியை வைத்து அளக்கிறார்கள். பல இடங்களில் வரம்பு 105 டெசிபல். சில நாட்களில் 98-தான். அதற்கு மேல் போனால் கார் உள்ளே வராது. கட்டிய பணம் போனதுதான்.

ஏன் இத்தனை கண்டிப்பு? பக்கத்து வீட்டுக்காரர்களால்! கிராஃப்ட் பாதையின் அருகே குடியிருந்தவர்கள் சத்தம் தாங்காமல் வழக்குப் போட்டார்கள். அதிகச் சத்தம் வருஷத்தில் 40 நாட்களுக்கு மேல் கூடாது என்று 2009-ல் மேல் கோர்ட்டு உத்தரவிட்டது. அதனால் சத்தமான நாள் என்பது இப்போது ரேஷன் மாதிரி ஆகிவிட்டது. வரம்பு எவ்வளவு என்பதைப் பணம் கட்டும் முன்பே தெளிவாகச் சொல்லுகிற கம்பெனி நாணயமான கம்பெனி.

ஏணியிலிருந்து விழுந்த தொழிலாளி

பணம், நஷ்ட ஈடு விஷயத்தில் ஒரு விசித்திரமான கதை உண்டு.

2007-ல் ஸ்லோவேனியா நாட்டில் ஒரு தொழிலாளி களஞ்சியத்தின் பரணில் வைக்கோல் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் வந்த டிராக்டரின் இழுவை வண்டி அவருடைய ஏணியில் இடித்தது. கீழே விழுந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பணம் கேட்டார். அது சாலை விபத்து அல்ல என்று கம்பெனி சொன்னது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. தனியார் இடமானாலும், வண்டியை வண்டியாக உபயோகித்தால் கட்டாய இன்சூரன்ஸ் உண்டு என்று 2014-ல் தீர்ப்பு வந்தது.

தொழிலாளிக்கு நியாயம்தான். ஆனால் இங்கிலாந்தின் பந்தயக்காரர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. பந்தயப் பாதையும் தனியார் இடம்தானே! ஒன்றோடொன்று மோதக்கூடிய கார்களுக்கு எந்தக் கம்பெனி இன்சூரன்ஸ் கொடுக்கும்? கொடுத்தாலும் எவ்வளவு கேட்கும்? இந்தத் தீர்ப்பு பிரிட்டனைக் கட்டுப்படுத்தாதபடி 2022-ல் தனிச் சட்டம் போட்டார்கள். அதன் பிறகே மூச்சு வந்தது.

சட்டம் வந்துவிட்டதே என்று ஓட்டுகிறவர் நிம்மதியாக இருக்க முடியாது. சாலைக்கு எடுத்த இன்சூரன்ஸ் பொதுவாகப் பந்தயப் பாதையில் செல்லாது. அவரவர் காருக்கு அவரவர் பொறுப்பு. வேறொருவர் வந்து மோதினாலும் பெரும்பாலும் இதே கதிதான். ஒரு நாளைக்கு மட்டும் தனி இன்சூரன்ஸ் எடுக்கலாம். அதிலும் முதல் பகுதி நஷ்டத்தை ஓட்டியவரே ஏற்க வேண்டும். பாதையின் இரும்புத் தடுப்பை இடித்தால் அதற்கும் பில் வரலாம். ஜெர்மனியில் 20 கிலோ மீட்டருக்கு மேல் நீளமுள்ள நூர்பர்க்ரிங் பாதை இதற்குப் பேர் போனது. தடுப்பு, இழுத்து வரும் வண்டி எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனிக் கணக்கு.

காலையில் ஒரு காகிதத்தில் கையெழுத்தும் வாங்குவார்கள். "என்ன நடந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல" என்று அதில் இருக்கும். படித்ததும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். ஆனால், தன்னுடைய கவனக்குறைவால் உயிர்ச்சேதமோ உடல் காயமோ ஏற்பட்டால், ஒரு கம்பெனி காகிதத்தைக் காட்டித் தப்ப முடியாது. 1977-லேயே பிரிட்டனில் சட்டம் இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்காக 2015-லும் ஒரு சட்டம் வந்தது. கார் நசுங்குவது வேறு. கை கால் முறிவது வேறு.

நம் பக்கத்தில்

இருங்காட்டுக்கோட்டையிலும், கோவை அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் பயிற்சி வகுப்புகளும் இத்தகைய நாட்களும் நடக்கின்றன. நள்ளிரவில் கடற்கரைச் சாலையில் மோட்டார் சைக்கிளை முறுக்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். மகன் பந்தயப் பாதைக்குப் போகிறேன் என்றால் அம்மாவுக்குப் பயமாக இருப்பது இயற்கை. 2023-ல் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த பந்தயங்களில் இருவர் உயிரிழந்தார்கள். அவை பந்தயங்கள், டிராக் டே அல்ல. ஆனால் வளைவுகள் அதே வளைவுகள்தான்.

அந்த அம்மா கம்பெனிக்குப் போன் செய்து நான்கு கேள்வி கேட்கலாம். டாக்டரும் ஆம்புலன்ஸும் நாள் முழுவதும் பாதையிலேயே இருப்பார்களா? ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால், திரும்பும்வரை ஓட்டத்தை நிறுத்துவீர்களா? புதியவர்களுக்குத் தனி முறை உண்டா? பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவோ, முன்னால் ஓட்டி வழி காட்டவோ ஆள் உண்டா? இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் "நிறுத்துவோம்" என்று பதில் வர வேண்டும்.

இன்னொன்று மாலை நேரம். சாயங்காலம் நான்கு மணிக்கு டயர் தேய்ந்திருக்கும். பிரேக் சூடேறியிருக்கும். ஓட்டுகிறவருக்குக் களைப்பு, அதை மிஞ்சும் தைரியம் வேறு! கடைசிச் சுற்று இன்னும் வேகமாகப் போக வேண்டும் என்று தோன்றும். நல்ல கம்பெனிக்காரர் அந்த நேரத்தில்தான் வரிசையாக நிற்கும் கார்களைச் சுற்றி நடந்து, டயரைக் குனிந்து பார்ப்பார். "இன்றைக்கு இது போதும், பிரேக்கை ஆறவிட்டுக் கிளம்புங்கள்" என்பார். பலர் வீட்டுக்குத் திரும்ப வேண்டியது அதே காரில்தான்.