கதவு அட்டைக்கு என்ன மரியாதை?

டிங்கரிங் முடிந்து, பெயிண்ட் அடித்து, பளபளவென்று நிற்கும் ஒரு பழைய அம்பாசடரின் படத்தை யாராவது அனுப்பினால் எனக்கு இப்போதெல்லாம் ஒரே கேள்விதான் வருகிறது. கதவுக்கு உள்பக்கம் என்ன அட்டை மாட்டியிருக்கிறார்கள்? பழைய அட்டையை என்ன செய்தார்கள்?

சிரிக்காதீர்கள். பட்டவன் சொல்கிறேன்.

குமுளியில் இருக்கும் என் தாய்மாமாவின் வண்டி அது. 1972 மாடல், மார்க் 2. வண்டன்மேட்டு ஏலத்துக்கும் போடிக்குமாக ஏலக்காய் மூட்டை சுமந்து, கம்பம் மெட்டு ஏறி இறங்கிய வண்டி. ஸ்விண்டனில் உட்கார்ந்து பொட்டி தட்டும் மருமகனுக்குத் திடீரென்று பாசம் பொங்கியது. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை என்பதால், தம்பி போய்ப் பார்த்துக்கொள்வான் என்று பாலக்காட்டுப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 2022-ல் விட்டோம். பெயர் வேண்டாம். அவர்கள் மட்டும் இப்படி இல்லை, நிறைய பேர் இப்படித்தான்.

எட்டு மாதம் எஞ்சினுக்கும் பாடிக்கும் உயிரைக் கொடுத்தார்கள். உள்வேலை மட்டும் கடைசி மூன்று நாள். பழைய கதவு அட்டைகளைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, பிளைவுட்டில் பஞ்சு வைத்து, பழுப்பு ரெக்சின் சுற்றி, சுற்றிலும் ஸ்க்ரூ முடுக்கி முடித்துவிட்டார்கள். வாட்ஸப்பில் படம் பார்த்து நானும் "சூப்பர்ணா" என்றேன். முதல் குற்றவாளி நான்தான்.

2023 பிப்ரவரியில் வண்டி மலையேறியது. ஜூலையில் அட்டை ஊதிவிட்டது. கண்ணாடி பாதியில் நின்றது. அடுத்த மாதம் மாமா உள்ளே உட்கார்ந்து கதவை இழுத்துச் சாத்தும்போது கைப்பிடி பெயர்ந்து கையோடு வந்தது. அது கதவின் இரும்பில் பிடித்திருக்கவே இல்லை, வெறும் அட்டையில் நின்றிருந்தது. 78 வயது மனிதர். வண்டி அப்போது ஷெட்டில் நின்றது, அதனால் பிழைத்தோம். கொண்டை ஊசி வளைவில் கதவு திறந்துகொண்டிருந்தால்?

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் "மழை சார், மலை ஊர் சார்" என்பார்கள். பொய். பழைய கார்களின் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். கண்ணாடி ஓரத்து பீடிங் எல்லாத் தண்ணீரையும் தடுக்காது. உள்ளே இறங்குவது கதவின் அடியில் இருக்கும் ஓட்டைகள் வழியே வெளியே போய்விடும். அட்டையில் படாமலிருக்க அதற்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு ஷீட் இருக்க வேண்டும். என் வண்டியில் அந்த ஷீட்டே இல்லை. அடி ஓட்டைகளைப் பட்டி வைத்து அழகாக அடைத்திருந்தார்கள். கதவு ஒரு தண்ணித் தொட்டி ஆகிவிட்டது. பாலக்காட்டு வெயிலில், வாளையார் காற்றில் இது தெரியவே தெரியாது. ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், குமுளி மழையில் ஒரே சீசனில் தெரிந்துவிடும்.

"பழைய ரெக்சின் கிழிஞ்சு நாறிப் போச்சு, அதை வெச்சு என்ன பண்றது?" என்பார்கள். நியாயம்தான். ரெக்சினை மாற்றுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அதுதான் அளவு. வைண்டர் எங்கே, கைப்பிடி எங்கே, கிளிப் எங்கே என்று எல்லா ஓட்டையும் அதில்தான் இருக்கிறது. உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றது. 2017-ல் பெயரையும் 80 கோடிக்கு பெஷோவுக்கு விற்றாகிவிட்டது. ஃபேக்டரியிலிருந்து இனி ஒரு அட்டை வரப்போவதில்லை.

அரசாங்கம் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதி, 50 வயது தாண்டிய வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது பெயர் சொல்லிக் கேட்பது சேசிஸ், பாடி ஷெல், எஞ்சின். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'VA' நம்பர் கிடைக்கும். கதவுக்குள் என்ன அட்டை என்று அது கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியது நாம்தான்.

2024-ல் லீவில் போனபோது நானே உட்கார்ந்து திரும்பச் செய்தேன், கம்பத்தில் ஒரு குஷன் கடைக்காரரோடு. நல்லவேளை, பின் இடது கதவின் பழைய அட்டை மட்டும் மாமா ஷெட்டில் சாக்குக்கு அடியில் கிடந்தது. எப்போதோ வைண்டர் கெட்டபோது கழற்றி வைத்தது. அதைத் திருப்பிப் போட்டால் வலது கதவுக்கு அளவு. முன் கதவுகளுக்குக் காலண்டர் அட்டையை வைத்து வெட்டி வெட்டிப் பார்த்து இரண்டு நாள் போனது. 3 மி.மீ. ஹார்ட்போர்டு, இரண்டு பக்கமும் ஓரங்களிலும் இரண்டு கோட் வார்னிஷ். கனமான பாலித்தீன் ஷீட்டை இரும்பின் மேல் ஒட்டி, கீழ் முனையைக் கதவுக்குள் செருகினோம், தண்ணீர் உள்ளேயே சொட்டட்டும் என்று. அடைத்த ஓட்டைகளைக் குத்தித் திறந்தோம். அட்டைக்குக் கிளிப். கைப்பிடிக்கு இரும்பு வரை போகும் ஸ்க்ரூ. செலவு பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மழை தாண்டிவிட்டது, அட்டை அசையவில்லை.

எனவே மக்களே, வண்டி விடும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். கழற்றும் அட்டையைத் திருப்பித் தருவீர்களா? ஷீட் போடுவீர்களா? கைப்பிடி எதில் பிடிக்கும்? மூன்றாவது கேள்விக்கு முழித்தால் வண்டியை ரிவர்ஸ் எடுத்துவிடுங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. ஷெட்டில் கிடைத்த அட்டையின் பின்பக்கம் பென்சிலால் எழுதியிருந்தது: "88 தை, பின் இடது". அந்தக் காலத்துக் குஷன்காரர் கையெழுத்து. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"மீதி மூணு எங்க மாப்ள?"

நான் என்ன பதில் சொல்ல?