வைத்தியத்தில் கணக்கருக்கு என்ன வேலை?

வேப்பம்பட்டு இரயிலடியில் சென்ற வாரம் ஒரு தோழர் நம்மைப் பிடித்துக்கொண்டார். அவர் மகன் கணக்குத் தணிக்கைப் பரீட்சை தேறியவன். சர்க்கார் உத்தியோகத்துக்கு, அதிலும் வைத்தியக் கல்லூரிகளைச் சோதனை போடும் இலாகாவுக்குப் போகவேண்டுமென்கிறானாம். "நாடி பிடிக்கத் தெரியாதவனுக்கு அங்கென்ன வேலை? டாக்டர் சங்கதியை டாக்டரல்லவா பார்க்கவேண்டும்?" என்று தகப்பனாரே கேலி செய்கிறார்.

இக்கேள்வி நமக்குப் பழக்கமானதுதான். கோயில் வரவு செலவை அர்ச்சகரும் தர்மகர்த்தாவுமே பார்க்கவேண்டும், சர்க்கார் தலையிடலாகாது என்று கூச்சலிட்டவர்களின் கேள்வியே இது. வேஷம் மட்டுமே வேறு.

டாக்டர்களே டாக்டர்களைக் கண்காணித்த லட்சணம் என்ன? இந்திய வைத்தியக் கவுன்சிலின் தலைவர் 2010 ஏப்ரலில் லஞ்சக் குற்றச்சாட்டில் கைதானார். மறுமாதமே கவுன்சில் கலைக்கப்பட்டது. மீண்டும் அமைந்த கவுன்சிலின்மேலும் நம்பிக்கையற்று, 2016 மே 2ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் மூவர் கமிட்டியொன்றை நியமித்தார்கள். ஒருவர் ஜட்ஜ் லோதா. மற்றொருவர் டாக்டர் சரீன். மூன்றாமவர் தோழர் வினோத் ராய். இவர் பொருளாதாரம் படித்து, 1972ல் ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தில் சேர்ந்து, 2008 முதல் 2013 வரை இந்திய சர்க்காரின் தலைமைத் தணிக்கையாளராயிருந்தவர். (அவர் போட்ட 2ஜி நஷ்டக் கணக்கில் நமக்குள்ள வழக்கு வேறு, 2017ல் கோர்ட்டில் அந்தக் கேஸ் என்னவாயிற்று என்பதை நாடறியும்.)

கமிட்டியும் குற்றமற்றதல்ல. கவுன்சில் தள்ளிய பல கல்லூரிகளுக்கு நிபந்தனையோடு அனுமதி தந்தது. அவற்றுள் பலவற்றுக்கு 2017ல் சேர்க்கைத் தடை வந்தது. ஆனாலும் அவ்வாண்டு கமிட்டி மாறியபோது நடந்ததென்ன? புதிய ஐவரும் டாக்டர்களே! கணக்குப் பார்க்க ஒருவர்கூட இல்லை.

வயிற்றுவலி இன்னதென்று சொல்ல டாக்டர்தான் வேண்டும். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவன் மெய்யான நோயாளியா, சோதனை நாளைக்கு மட்டும் கூலிக்கு வந்தவனா, பட்டியலிலுள்ள பேராசிரியர் ஊரிலேனும் இருக்கிறாரா என்றறிய ஸ்டெதாஸ்கோப் எதற்கு? சம்பளப் பட்டியலும், மருந்து ரசீதும், சமையற்கட்டு அரிசிக் கணக்கும் போதாவா? முந்நூறு நோயாளிக்கு முப்பது பேர் அரிசிதான் வெந்ததென்றால், மீதிப்பேர் பட்டினி வைத்தியத்திலா இருந்தார்கள்?

கவுன்சில் போய், 2020 செப்டம்பர் 25 முதல் தேசிய வைத்தியக் கமிஷன் வந்தது. 2025 ஜூலையில் வெளியான சி.பி.ஐ. முதல் தகவல் அறிக்கையைப் பாருங்கள். போலி நோயாளிகளாம், இல்லாத ஆசிரியர்களாம், சோதனைத் தேதியை முன்கூட்டியே விற்றார்களாம். லஞ்சப் பணத்தில் ஒரு பகுதி இராஜஸ்தானத்தில் அநுமார் கோயில் கட்டப் போயிற்றாம்! இவை கோர்ட்டில் நிரூபணமாக வேண்டியவை என்பதை மறக்கவில்லை. நிரூபணமானால், அநுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிவந்ததற்குக் கட்டணம் இப்போதுதான் வசூலானது போலும்.

"பையனைத் தடுக்காதீர்" என்றோம். தோழர் சற்று யோசித்தார். "சம்பளம் என்ன வரும்?" என்று அவர் கேட்பதற்குள் திருவள்ளூர் வண்டி வந்துவிட்டது.