ஊரேக்கத்திற்கு ஊறுகாய் மருந்தாமோ?

பிறந்த மண்ணைப் பிரிந்து அயல்நாட்டிற் குடியேறிய மாந்தன் எவனாயினும், சின்னாள் கழிந்ததும் அவனை ஒரு நோவு வந்து பற்றுகின்றது. உண்ணும் உணவில் சுவையில்லை; இரவில் உறக்கமில்லை; பனி மூடிய தெருவில் நடக்குங்கால், எங்கோ தொலைவில் நிற்கும் வேப்பமரத்தின் பூமணம் நெஞ்சிற் கமழ்கின்றது. பகலெல்லாம் பிறமொழியைப் பிழையறப் பேசுபவனும் கனவிலே தாய்மொழியிற்றான் பிதற்றுகின்றான். இந்நோவினை ஊரேக்கம் எனலாம். ஊரேக்கம் கொண்டதற்கு எவரும் நாண வேண்டுவதில்லை. அதற்குத் தமிழர் பலர் இன்று தேடிக்கொள்ளும் மருந்துகளே நாணத்தக்கவை.

மேலையர் இதனை நோயென்றே கொண்டனர். 1688-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மருத்துவம் பயின்ற யோகான்னசு ஓஃபர் என்பார், ஊரைப் பிரிந்து உடல் மெலிந்து வாடியோரை ஆய்ந்து, வீடு திரும்புதல், நோவு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைக் கூட்டி அந்நோய்க்கு 'நாசுடால்சியா' எனப் பெயரிட்டார். அவர் கண்ட தலையாய மருந்து, நோயாளியை ஊருக்கே திருப்பியனுப்புதல்.

தமிழர்க்கோ அது திணை. பிரிதலை உரிப்பொருளாகக் கொண்டது பாலை. அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்ற 200 பாடல்களும் பாலைப் பாடல்களே. ஓதற்கும் போருக்கும் தூதிற்கும் பொருளுக்கும் பிரியும் பிரிவுகளைத் தொல்காப்பியர் எடுத்தோதினார். இன்று வானூர்தி ஏறுவோரும் பெரும்பாலும் ஓதற்கும் பொருளுக்குமே ஏறுகின்றனர். வேறுபாடு ஒன்றே. அன்று பிரிந்தவன் கார்ப்பருவத்தில் மீள்வான் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. இன்று பிரிந்தவருள் பலர் மீள்வதேயில்லை. ஆகவே அவர்தம் பாலை ஒரு பருவத்தோடு முடியாமல், வாழ்நாள் முழுதும் நீண்டு, அவர்தம் மக்களையும் சென்று பற்றுகின்றது.

இதற்கு இவர்கள் கண்ட மருந்துகள் யாவை?

முதலாவது, ஊறுகாய் மருந்து. ஊரிலிருந்து ஊறுகாயும் வடகமும் பொடியும் வருவித்து உண்டால் ஏக்கம் தணியும் என்பது. அதன் பெருவடிவே பொங்கல் விழா. மண்டபம் பிடிக்கின்றனர், கரும்பு கட்டுகின்றனர், பட்டுடுத்திக் கூடுகின்றனர். அழைப்பிதழோ ஆங்கிலத்தில்! வரவேற்புரை ஆங்கிலத்தில்! பொருளறியாப் பிள்ளைகள் திரைப்பாட்டிற்கு ஆடி இறங்குகின்றனர். ஊரிலிருந்து வருவிக்கப்பட்ட நடிகர் கையசைக்கின்றார். அனைவரும் வயிறார உண்டு, 'ஊருக்கே போய்வந்தாற் போன்றிருந்தது' என மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர். இது மருந்தா, மயக்கா? நாக்கு சுவைக்கு மட்டுமன்று. பேச்சிற்கும் அதுவே கருவி. சுவையை மட்டும் ஊட்டிப் பேச்சைப் பட்டினி போடும் நாவினால் ஊரேக்கம் தணியுமோ?

இரண்டாவது, மறதி மருந்து. 'வந்த நாட்டிற்கு ஏற்ப மாறு, பழையதை மற, பிள்ளையிடம் அந்நாட்டு மொழியிலேயே பேசு, இருமொழி புகுந்தால் குழந்தை குழம்பும்' என்று அறிவுரைப்போர் உளர். வாழும் நாட்டின் மொழியைக் கற்பது கடமை; அதனை மறுப்பார் எவருமிலர். ஆயின் ஒன்றைக் கற்றற்கு மற்றொன்றைக் கொல்ல வேண்டும் என்பது எந்நாட்டு அறம்? செருமானியம், பிரெஞ்சு, இத்தாலியம், உரொமான்சு ஆகிய நான்கையும் நாட்டுமொழிகளாகக் கொண்ட சுவிட்சர்லாந்து குழம்பியா கிடக்கின்றது?

மூன்றாவது, கைப்பேசி மருந்து. நாள்தோறும் ஊரார் முகத்தைத் திரையிற் பார்த்துவிட்டால் தொலைவு தொலைந்தது என்பது. ஒரு வீட்டிற்குள் நுழைந்து பார்ப்பின் இதன் உண்மை விளங்கும். ஊரிலே திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி, திரையில் தோன்றும் பேரனை நோக்கி, 'சாப்பிட்டியா கண்ணு?' என வினவுகின்றாள். பேரன் திரும்பித் தந்தையின் முகத்தைப் பார்க்கின்றான். தந்தை அதனை ஆங்கிலத்திற் சொல்கின்றார். பேரன் ஆங்கிலத்தில் விடையிறுக்கின்றான். தந்தை அதனைத் தமிழாக்குகின்றார். பாட்டி சிரிக்கின்றாள்; பின் சொல்லற்றுப் போகின்றாள். பல்லாயிரங்கல் கடலைக் கடந்த கருவியால் பாட்டிக்கும் பேரனுக்கும் இடைப்பட்ட ஒரு மொழித் தொலைவைக் கடக்க இயலவில்லை. ஊரைவிட்டு ஓரடியும் நகராத அம்மூதாட்டி கொண்ட ஏக்கத்திற்கு எந்த மருத்துவன் பெயரிடுவான்?

மொழி போனபின் எஞ்சுவது யாது என்பதற்கு வரலாறே சான்று. இந்தியப் பெருங்கடலில் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட இரீயூனியன் தீவிற்கு, 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்தம் ஊரேக்கம் இன்று வானூர்தியிற் செல்வோரின் ஏக்கத்தினும் பன்மடங்கு கொடியது. கோயில் கட்டினர், தீ மிதித்தனர், காவடி எடுத்தனர், அவை இன்றும் உள. தமிழ்ப்பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டில் உருத்திரிந்து குடும்பப் பெயர்களாய் நிற்கின்றன. பேச்சோ கிரியோலாகிவிட்டது.

அண்டையிலுள்ள மொரீசியசில், பணத்தாளில் தமிழெழுத்து உண்டு. 1998-இல் வெளியான புதுத்தாள்களில் தமிழ் தன் பழைய இடத்தினின்று இறக்கப்பட்டு இந்திக்குப்பின் வைக்கப்பட்டபோது, தமிழர் கிளர்ந்தெழுந்தனர்; அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டன. போற்றத்தக்க மானம்! ஆயின் எழுத்திற்காகப் போராடி வென்ற அம்மக்களின் வீடுகளிலும் இன்று ஒலிப்பது பெரும்பாலும் கிரியோலே. அவர்களைக் குறைகூறுவார் எவருமிலர். கசையடிக்கும் பசிக்கும் இடையே பள்ளியும் நூலுமின்றி வாழ்ந்தவர்தம் வழிவந்தோர் அவர்கள். இழந்ததை மீட்டுக் கற்க இன்று முனைவோரும் அங்கு உளர். கல்வியும் பொருளும் கருவியும் கைநிறையக் கொண்டு, தாமே மொழியைக் கைவிடுவோர்க்கு என்ன சாக்கு உண்டு?

ஊரேக்கத்தை வேறுவழியில் ஆண்டோரும் உளர். ஆங்கிலத்தின் நெருக்குதலினின்று தம் மொழியைக் காத்தற்கென்றே, 1865-இல் ஏறத்தாழ 150 வேல்சு மக்கள் இலிவர்பூலிலிருந்து 'மிமோசா' என்னும் கப்பலேறித் தென்னமெரிக்காவின் பட்டகோனியாவில் இறங்கினர். வறண்ட அந்நிலத்தில் வாய்க்கால் வெட்டிக் கோதுமை விளைத்தனர். 1891-இல் தம்மொழியிலேயே இதழ் தொடங்கினர். எசுபானியம் நாற்புறமும் சூழ்ந்து நெருக்கியபோதும் அம்மொழி அங்கு மாய்ந்துபடவில்லை. இன்றும் பேசுவோர் உளர். கற்பிக்கும் பள்ளிகளும் உள. கண்ணீரை வாய்க்காலாக்கிய கூட்டம் அது!

தமிழரிடையேயும் இத்தகு செயல்வீரர் இல்லாமலில்லை. மலாயாவிற்குச் சென்ற தோட்டத் தொழிலாளர் இரப்பர்க் காட்டிடையே தம் பிள்ளைகட்குத் தமிழ்ப்பள்ளி வளர்த்தனர். இன்று மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் 'தமிழ் முரசு' தொடங்கினார். 1952-இல் தமிழர் திருநாளை நிறுவினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டித் தொழிலாளரிடமும் வணிகரிடமும் பொருள் திரட்டினார். அவரும் ஊரைவிட்டுச் சென்றவர்தாம். அவர் ஏக்கம் அச்சேறி இதழாயிற்று, பள்ளியேறிப் பாடமாயிற்று. சிங்கப்பூரின் ஆட்சிமொழிகள் நான்கனுள் தமிழ் ஒன்றாய் இன்றும் வீற்றிருக்கின்றது.

1983-ஆம் ஆண்டுக் கொடுமைக்குப்பின் ஈழத்தமிழர் பல்லாயிரவர் ஏதிலிகளாய் நாடு நாடாகச் சிதறினர். திரும்பிச் செல்லும் மருந்து அவர்கட்கு மறுக்கப்பட்டது. ஊரேக்கத்திற்கு மேலையர் பெயர் சூட்டிய அதே சுவிட்சர்லாந்தில், பகலெல்லாம் உணவகங்களில் தட்டுக் கழுவியோரும் தம் பிள்ளைகட்கு விடுமுறை நேரத்துத் தமிழ்ப்பள்ளிகளைக் கட்டியெழுப்பினர். மீள வழியில்லாதோர் மொழியை மீட்டனர். ஆண்டுதோறும் மீண்டுவரத் தக்கோரோ மொழியைக் கைவிடுகின்றனர். இஃதன்றோ கொடுமை!

வளைகுடா நாட்டு வெயிலில் உழைத்து, மனைவி மக்களை உடனழைத்துச் செல்லவும் இயலாமல், இரவில் கைப்பேசியில் மழலை கேட்டு விம்மும் ஏழைத் தொழிலாளிக்கு இக்கடிந்துரை உரித்தன்று. அவன் ஏக்கத்தில் தமிழ் உயிரோடிருக்கின்றது. அவனுக்கு வேண்டுவது அறிவுரையன்று. ஊரிலேயே உழைத்துண்ண ஒரு தொழில்.

இனி, ஏங்கப்படும் ஊரின் நிலைதான் யாது? இருபதாண்டு ஏங்கியவன் விடுமுறையில் சென்னையில் வந்திறங்கிக் கடைத்தெருவில் நடக்கின்றான். பெயர்ப்பலகையில் ஆங்கிலம், பள்ளியில் ஆங்கிலம், திருமண அழைப்பிதழில் ஆங்கிலம். தட்டுத்தடுமாறித் தமிழ் பேச முயலும் அவன் மகனை உறவினர் சூழ்ந்துகொண்டு, 'இவன் ஆங்கிலம் என்ன அழகு!' என்று கொண்டாடுகின்றனர். கடல் கடந்தவன் ஊரை இழந்தான்; ஊரிலிருப்பவனோ இருந்த இடத்திலிருந்தே ஊரை இழந்துகொண்டிருக்கின்றான். முன்னவனுக்கேனும் இழந்தோம் என்னும் நோவு உண்டு. பின்னவனுக்கு அந்நோவும் இல்லை. நோவறியா உறுப்பே அழுகத் தொடங்கிய உறுப்பு என்பதை மருத்துவர் அறிவர்.

ஆகவே ஊரேக்கம் ஆற்றிக்கொள்ளத்தக்க புண்ணன்று, ஆற்றுதற்குரிய கடமை. அயல்நாட்டில் வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் வீட்டு வாயிலுக்குள் தமிழே பேசுக. பிள்ளைக்குத் தமிழ்ப்பெயரிடுக. கிழமைக்கொரு மடல் பேரன் தன் கையால் பாட்டிக்கு எழுதுக, பிழையோடெழுதினும் எழுதுக. பத்துக் குடும்பம் கூடும் இடத்தில் ஒரு தமிழ்ப்பள்ளி தோன்றுக. விழாவின் அழைப்பிதழ் தமிழில் அச்சாகுக. ஊரிலிருப்போர், மீண்டுவரும் பிள்ளையின் தட்டுத்தடுமாறும் தமிழைக் கொண்டாடுக.

ஊறுகாய் தீர்ந்துபோகும், பட்டு நைந்துபோகும், கைப்பேசித் திரை அணைந்துபோகும். 'சாப்பிட்டியா கண்ணு?' என்று கேட்ட கிழவிக்கு, 'சாப்பிட்டேன் பாட்டி, நீங்க?' என்று ஒரு சிறுவன் தமிழில் மறுமொழி சொல்லும் நாளன்றோ, கடல்கடந்த அக்குடும்பத்தின் பாலை முடியும் நாள்!