பனியன் போகிறது, பிள்ளை போகவில்லையே!



திருமுருகன்பூண்டியில் அவிநாசி சாலை ஓரம் சற்று நேரம் நின்று பாருங்கள். அட்டைப்பெட்டி ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டே இருக்கும். நம் பிள்ளைகள் கட்டிங்கிலும் செக்கிங்கிலும் நின்று முடித்துக் கொடுத்த சரக்கு தூத்துக்குடி போய்க் கப்பலேறி, ஜெர்மனி நாட்டுக் கடைகளில் தொங்குகிறது. அந்த ஜெர்மனிக்குப் படிக்கப் போன பிள்ளைகள் நம் மஹல்லாவில் எத்தனை பேர்?

"ஹஜ்ரத், அனுப்பினால் பிள்ளை கெட்டுப் போவான், இல்லையென்றால் அங்கேயே தங்கிவிடுவான்" என்றார் ஒரு வியாபாரி. அவருடைய அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அவருக்குச் சொன்ன வரலாற்றையே உங்களுக்கும் சொல்கிறேன்.

பெர்லின் போன மாணவர்

டாக்டர் ஜாகிர் ஹுசைன் 1967 முதல் 1969 வரை நம் நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்தவர். அதற்கு முன் அவர் யார்? 1920ல் அலிகரில் ஜாமியா மில்லியா தொடங்கப்பட்டபோது முன்னின்ற இளைஞர்களில் ஒருவர். 1922ல் மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள், வெள்ளையர் ஆட்சியில் இந்திய விவசாயத்தின் நிலை! 1926ல் டாக்டர் பட்டம் பெற்றார். இடையில் அங்கிருந்த காவியானி அச்சகத்தில் அச்சுக்கோர்க்கவும் கற்று, காலிபின் கவிதைத் தொகுப்பையும் அச்சிட்டார்.

அந்த நேரத்தில்தான் டில்லியிலிருந்து செய்தி வந்தது. கிலாபத் இயக்கம் தளர்ந்துவிட்டது, ஜாமியாவை நடத்தப் பணம் இல்லை, மூடிவிடலாமா என்று பேசுகிறார்கள். ஜாகிர் ஹுசைனும் நண்பர்கள் ஆபித் ஹுசைனும் முஜீபும் என்ன செய்தார்கள்? "மூடாதீர்கள், நாங்கள் வருகிறோம்" என்று தெரிவித்தார்கள். சொன்னபடி 1926ல் வந்தும் சேர்ந்தார்கள். 29 வயதில் அதன் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார் ஜாகிர் ஹுசைன். 1928ல் அவரும் சக ஆசிரியர்களும் ஓர் உறுதிமொழி எடுத்தார்கள்: 20 ஆண்டுகள் இங்கேயே உழைப்போம், மாதம் 150 ரூபாய்க்கு மேல் வாங்க மாட்டோம்! அன்று மூட இருந்த ஜாமியா இன்று மத்தியப் பல்கலைக்கழகம்.

இன்னொன்றையும் கேளுங்கள். பெர்லினில் இவர்களுக்கு நட்பான யூதப் பெண்மணி கெர்டா பிலிப்ஸ்போர்ன், 1930களில் டில்லி வந்து ஜாமியாவின் குழந்தைகளுக்காக உழைத்தார். 1943ல் இறந்தபோது ஜாமியாவின் அடக்கத்தலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். வெளிநாடு போனவன் கெட்டுத்தான் போவான் என்பவர்கள் இதைச் சிந்திக்கட்டும்.

தங்க வைப்பது எது?

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டுச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே கணக்கில் போட்டுக் காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். நடுத்தரக் குடும்பம் எங்கே போகும்? வங்கிக்குத்தான். வட்டிக்கு அஞ்சும் குடும்பமோ பிள்ளையின் படிப்பையே நிறுத்திவிடுகிறது. சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்து வந்த மத்திய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டமும் 2022-23ல் நிறுத்தப்பட்டுவிட்டது.

வட்டிக் கடனைத் தலையில் சுமக்கும் பிள்ளை, 150 ரூபாய் சம்பளத்துக்குத் திரும்பி வருவானா? "அங்கேயே தங்கிவிடுவான்" என்று பயப்படுகிறீர்களே, பலரைத் தங்க வைப்பது அந்தக் கடன்தான் சகோதரர்களே!

வியாபாரிகளே, இளைஞர்களே!

ஷிப்மெண்ட் போய், பையர் பணம் அனுப்பும்வரை மாதக்கணக்கில் பொறுத்திருக்கிறீர்கள். ஒரு மாணவனுக்காக நான்கு ஆண்டுகள் பொறுக்க முடியாதா? பத்துப் பேர் ஆளுக்கு ஒன்றேகால் லட்சம் போட்டால் ஒரு பிள்ளையின் முதலாண்டுச் செலவு முடிந்தது. அழகிய கடனாகக் கொடுங்கள். வேலைக்குப் போனதும் திருப்பித் தரட்டும். அது அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். தெரிந்த பையன்தானே என்று வாய்வார்த்தையில் விடாதீர்கள். கடனை எழுதி வைக்கச் சொல்கிறது திருக்குர்ஆன் (2:282). தகுதியுள்ள மகளுக்கும் இதே கணக்குத்தான்.

இளைஞனே! "சீனம் சென்றேனும்" என்று மேடைதோறும் கேட்டிருப்பாய். அது பலவீனமான செய்தி என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கூறியுள்ளனர். அது இல்லாமலே கல்வியின் சிறப்புக்கு ஆதாரங்கள் ஏராளம். முதலில் மதிப்பெண்ணைத் தேடு, மொழியைக் கற்றுக்கொள். அங்கே என்ன சம்பளம் என்று கேட்பதோடு, அங்கிருந்து இந்த ஊருக்கு எதைக் கொண்டு வரப் போகிறாய் என்பதையும் உன்னிடமே கேட்டுக்கொள். சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கும் படிப்பு ஒன்று போதாதா, நொய்யல் கரையில் உனக்கு வாழ்நாள் முழுதும் வேலை இருக்க!

அடுத்த ஆர்டருக்குக் கணக்கு எழுதும்போது, அந்த நோட்டில் ஒரு பிள்ளையின் பெயரையும் எழுதுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த ரமளானுக்குள் பூண்டியிலிருந்து ஒருவரையாவது அனுப்புவோம்.